கழுத்துக்கு மேலே

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்றும் அந்த இருமல் போய்விட்டது என்றும் நம்புகிறேன்.

நடந்ததையெல்லாம் நடந்தபடியே இதில் எழுதப் போகிறேன். எங்கள் மொழி ஆசிரியை என் கட்டுரைகளின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘மிகை’ என்று எழுதுவது உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் அவருக்கு வேலையே இருக்காது. கண்ணால் பார்த்ததைப் பார்த்தது என்றும், அம்மா சொல்லிக் கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்தே எழுதுவேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ “சரி சரி, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வைத்தாலும் அது மேசைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் செய்தி. நூலகத்தில் நடக்கும் புகைப்படக் கண்காட்சியில் அம்மா எடுத்த படம் மாட்டப்பட்டிருக்கிறது. நேற்றுதான் திறப்பு விழா. வாசலுக்கு நேர் எதிரே, நடுச்சுவரில்! (ஆச்சரியக்குறி ஒன்று மட்டும் போட்டுக்கொள்கிறேன்.) அந்தச் சுவருக்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் வரிசையாகச் சொல்ல வேண்டும்.

நீ படிக்கக் கிளம்பிய நாள் நினைவிருக்கிறதா? பேருந்து நிலையத்தில் உன் பழைய கேமராவை அம்மா கையில் கொடுத்து, “சும்மா எடுத்துப் பழகு” என்றாய். பேட்டரி மூடி நிற்காது, ரப்பர் பேண்டு போட்டுக்கொள் என்றும் சொன்னாய். பிறகு படியில் நின்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தாய். அம்மா எடுத்தாள். திரையில் பார்த்தால் உன் பழைய கோட் இருந்தது, அதன் பொத்தான்கள் இருந்தன, ஷூ கூட இருந்தது. தலை மட்டும் இல்லை. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். “அம்மா, என் தலையைக் காணோம்! இன்னொண்ணு எடு, இன்னொண்ணு எடு” என்றாய். அதற்குள் ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார். பேருந்து வளைவில் திரும்பும்வரை அம்மா கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் பொத்தானை அழுத்தவும் இல்லை.

அன்றிலிருந்து நம் வீட்டில் யாருக்கும் தலை இல்லாமல் போயிற்று. என்னை எடுத்தாள், கழுத்திலிருந்து கால்வரை. எதிர்வீட்டுப் பூனையை எடுத்தாள், கழுத்திலிருந்து வால்வரை. அடுமனையில் ராத்திரி வேலை முடித்து வந்து நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பாவை எடுத்தாள். அப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தலை இருந்தாத்தானே தலைவலி. இப்படியே இருந்துட்டுப் போகட்டும் விடு” என்று தூங்கப் போய்விட்டார். அம்மா ரப்பர் பேண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் தையல் கடையில் இடுப்புப் பட்டைக்கு வைக்கும் எலாஸ்டிக்கில் ஒரு பொத்தான் தைத்துக் கேமராவுக்கு மாட்டினாள். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இவள் விடப் போவதில்லை என்று.

நூலகத்தின் மாடியில் சனிக்கிழமை மதியம் ஒரு புகைப்படக் கழகம் கூடுகிறது. நமது தெருமுனை சலூன்காரர்தான் அதற்குத் தலைவர். அவர் எடுத்த படங்களை நீ பார்க்க வேண்டும். எல்லாம் தலைகள். வழுக்கைத் தலை, சுருட்டைத் தலை, சோப்பு நுரையோடு ஒரு தலை. கழுத்துக்குக் கீழே அவருக்கு உலகமே கிடையாது. அம்மா முதல் தடவை போனபோது நானும் கூடப் போனேன், எனவே இது நான் நேரில் பார்த்தது. அம்மா தன் படங்களை மேசையில் பரப்பினாள். சலூன்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மீசையைத் தடவினார். பிறகு, “ஏம்மா, உங்க வீட்டுல எல்லாருக்கும் கழுத்துக்கு மேல லீவா?” என்று கேட்டார். அறையே சிரித்தது. தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தும் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உண்மையைச் சொல்வதாக எழுதியிருப்பதால், சிரிப்பு வந்தது, கன்னத்தைக் கடித்துக்கொண்டேன் என்பதையும் சேர்த்துவிடுகிறேன்.

அம்மா படங்களை அடுக்கி, தைத்த துணியை மடிப்பதுபோல் ஓரங்களைத் தட்டிச் சரி செய்து, பையில் வைத்தாள். கேமரா இனிப் பொத்தான் டப்பாக்களுக்கு அடியில் போய்விடும் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை மதியம் கடை ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, “கிளம்புடி வாத்தியாரம்மா” என்றாள். போன வாரம் அவ்வளவு சிரித்தார்களே என்றேன். “சிரிக்கட்டும். எவ்வளவு நேரம் சிரிப்பாங்க? சிரிச்சு முடிச்சதும் என்ன தப்புன்னு சொல்லித்தானே ஆகணும்” என்றாள்.

அவர்கள் சொன்னதோ, தலையையும் சேர்த்து எடுங்கள் என்பதுதான். அது நமக்கே தெரியும். தலை ஏன் வெட்டுப்படுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

அதை அம்மாவே கண்டுபிடித்தாள். ஒரு நாள் கடையில் என் வகுப்புத் தோழிக்குச் சீருடை அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் துணி வெட்டும் மேசையில் ஒரு பக்கம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். மறுபக்கம் தலையில்லாப் படங்கள் கிடந்தன. அம்மா வழக்கம்போல் “தோள், மார்பு, இடுப்பு, கை, நீளம்” என்று முணுமுணுத்துக்கொண்டே டேப்பைக் கீழே இறக்கினாள். கணுக்கால்வரை போனவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மேசையைப் பார்த்தாள். எழுந்து வந்து படங்களைப் பார்த்தாள். பிறகு, அக்கா, அவள் சிரித்த சிரிப்பில் என் தோழி பயந்தே போனாள். “இத்தனை வருஷமா நான் ஆளுங்க மூஞ்சியைப் பாத்ததே இல்லடி! கழுத்துல பிடிச்சா நேரா கீழதான். மூஞ்சியைப் பாத்தா டேப் நழுவிடும்ல” என்றாள். கேமராவுக்குள்ளும் அவள் கண் அளவுதான் எடுத்துக்கொண்டிருந்தது.

காரணம் தெரிந்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது மிகை. தலையை விடக் கூடாது என்று கேமராவை அவ்வளவு தூக்கினாள், நம் வீட்டில் எல்லாரும் கொஞ்ச காலம் வெறும் நெற்றியாக இருந்தோம். மின்விசிறி மட்டும் மிக அழகாக விழுந்தது. தலை ஒருவழியாக நடுவுக்கு வந்தபோது கட்டைவிரல் குறுக்கே வந்தது. கட்டைவிரல் போனதும் கை நடுங்கியது. ஊசியில் நூல் கோர்க்கும்போது மூச்சை நிறுத்துகிறோமே, அப்படி நிறுத்திப் பார்க்கலாம் என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. இஸ்திரி மேசையில் முழங்கையை ஊன்றி, மூச்சை நிறுத்தி எடுத்தாள். நடுக்கம் நின்றது. ஆனால் டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லார் முகமும் அவரைக்காய் நிறத்தில் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நிறுத்தி எடுத்துப் பார்த்தாள். அவரைக்காய் மறைந்து மனிதர்கள் வந்தார்கள். அதிலிருந்து நம் கடையில் படம் எடுப்பதென்றால் முதல் வேலை விளக்கை அணைப்பதுதான். மின்வெட்டு என்று நினைத்து வாடிக்கையாளர்கள் திரும்பிப் போயிருக்கிறார்கள். அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே மாய்ந்துபோகிறார்.

போன வருடக் கண்காட்சிக்கு அம்மா ஒரு படம் கொடுத்தாள். இந்த முறை இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். உனக்கு அப்போது சொல்லவில்லை. நீ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அம்மா அந்தப் படத்தின் பின்பக்கத்தில் ஒரு காலர் வரைந்து, வெட்டி, மாதிரியாக வைத்துக்கொண்டாள். அதை வைத்து நிறையச் சட்டை தைத்துவிட்டாள். திரும்பி வந்தது ஒன்றும் வீணாகவில்லை என்பது அவள் கணக்கு.

இனி மீன்கடைக்காரர். சந்தை வாசலில் கடை வைத்திருக்கிறாரே, குரல் மட்டும் முதலில் வரும், ஆள் பின்னால் வருவார், அவரேதான். அவர் மகள் பட்டம் வாங்கப் போகிறாள் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோட் தைக்கக் கொடுத்தார். ஐஸ் பெட்டி சுமந்து சுமந்து அவருடைய வலது தோள் நன்றாக இறங்கிவிட்டது. அம்மா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கோட்டின் வலது தோளுக்குள் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பஞ்சு வைத்துத் தைத்தாள். போட்டுப் பார்க்க வந்த அன்று, வெளியே மழை பெய்து ஓய்ந்து, ஜன்னல் வெளிச்சம் பால்போல் இருந்தது. அம்மா விளக்கை அணைத்தாள். அவர் கண்ணாடி முன் நின்றார். அம்மா அவருக்குப் பின்னால் நின்று, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, மடிப்புகளைக் குத்திக்கொண்டிருந்தாள்.

அவர் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். இரண்டு தோளும் சமமாக இருந்தன. “யாருங்க இது?” என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக இருந்து நான் கேட்டதே இல்லை. அம்மா கேமராவை எடுத்தாள். வாயில் குண்டூசி இருந்ததால் ‘சிரிங்க’ என்று சொல்ல முடியவில்லை, ‘இங்க பாருங்க’ என்றும் சொல்ல முடியவில்லை. அதனால் அவர் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளிக் என்ற சத்தம் மட்டும் கேட்டது.

படத்தை நான் எத்தனை உவமை போட்டு வர்ணித்தாலும் போதாது என்பதால் உள்ளதை மட்டும் எழுதுகிறேன். கண்ணாடியில் மீன்கடைக்காரரின் முகம், வாய் லேசாகத் திறந்திருக்கிறது. முழுத் தலையும் இருக்கிறது, மேலே கொஞ்சம் இடமும் இருக்கிறது. அவருடைய முழங்கைக்குப் பின்னால், கண்ணாடிக்குள் சின்னதாக, கேமராவும் அம்மாவும். உதட்டில் குண்டூசிகள் வரிசையாக.

இந்த வருடம் கண்காட்சிக்கு அதைத்தான் கொடுத்தாள். தேர்வு செய்தவர்கள் சலூன்காரரும் நூலகர் அம்மையாரும். சலூன்காரர் நெடுநேரம் பார்த்துவிட்டு, படம் நன்றாக இருக்கிறது, ஆனால் எடுத்தவரும் கண்ணாடியில் தெரிவது பெரிய தப்பு என்றார். “நான் முடி வெட்டும்போது கண்ணாடியில குறுக்க நிக்க மாட்டேன். வர்றவங்க தன்னைத்தான் பாக்கணும், நம்மளை இல்ல. இந்த ஓரத்தை வெட்டிட்டுக் கொடுங்க, மாட்டிடலாம்” என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். கழகத்தில் யார் என்ன சொன்னாலும் அதுவரை அம்மா தலையாட்டிக் குறித்துக்கொண்டுதான் வருவாள். அன்று படத்தைக் கையில் எடுத்து, தள்ளிப் பிடித்து, துணியில் கத்திரி வைக்கும் முன் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு, “வெட்டுறது என் தொழில்ங்க. எங்க வெட்டணும்னு தெரியும். இதுல வெட்ட ஒண்ணும் இல்ல” என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த தபால் அம்மையார்கூட நின்றுவிட்டார். வெட்டினால் மாட்டுவார்கள், வெட்டாவிட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவே இல்லை. நூலகர் கடைசியில், சரி, அப்படியே மாட்டுவோம், ஆனால் இடம் மாடிப்படி ஓரத்தில்தான் இருக்கிறது என்றார். அம்மா, “படி ஓரம்னா என்ன? ஏறுறவங்களும் பாப்பாங்க, இறங்குறவங்களும் பாப்பாங்க” என்றாள்.

அவள் சொன்னது அப்படியே நடந்தது, அதுதான் பிரச்சினையாகிவிட்டது. நேற்று திறப்பு விழாவில் ஏறியவர்கள் நின்றார்கள், இறங்கியவர்களும் நின்றார்கள், படியில் யாரும் போக முடியவில்லை. போதாக்குறைக்கு மீன்கடைக்காரர் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு வந்து படத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். வந்தவர்களிடமெல்லாம், “மூஞ்சி என்னோடது. தோள் இவங்களோடது” என்று அம்மாவைக் காட்டினார். சந்தையில் கூவும் குரல் திரும்பி வந்திருந்தது. “வழி விடுங்க, வழி விடுங்க” என்று நூலகர் கத்தினார். நூலகத்தில் நூலகரே கத்தியதை நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அப்போது சலூன்காரர் எங்கிருந்தோ ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நடுச்சுவரில் மாட்டியிருந்தது அவருடைய படம், சோப்பு நுரைத் தலை. தன் கையாலேயே அதைக் கழற்றினார். அம்மாவின் படத்தைக் கொண்டுவந்து அங்கே மாட்டி, கோணல் பார்த்து, கீழே இறங்கி, தன் படத்தை மாடிப்படி ஓரத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். போகும்போது அம்மாவிடம், “தலை வந்ததும் நிக்காம, உங்க தலையையும் சேத்துக் கொண்டு வந்துட்டீங்க” என்றார். அம்மா, “லீவு முடிஞ்சுதுங்க” என்றாள். அறை மறுபடியும் சிரித்தது. இந்த முறை நான் கன்னத்தைக் கடித்துக்கொள்ளவில்லை.

அப்பா தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்திருந்தார். படத்தின் முன் நின்று, கண்ணாடியில் சின்னதாகத் தெரியும் அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கேலியும் செய்யவில்லை. “உன்னை யாரும் எடுத்ததே இல்லல்ல” என்று மட்டும் சொன்னார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. ஆனாலும் காலையில் சலூன்காரர் வந்து ஷட்டரைத் தட்டினார். கையில் ஒரு கோட். கை நீளமாக இருக்கிறது, குறைக்க வேண்டும் என்றார். அம்மா போட்டுப் பார்க்கச் சொல்லி, “கை சரியாத்தானே இருக்கு?” என்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இருந்தாலும், ஒரு தடவை கண்ணாடி முன்னாடி நின்னு பாத்துடலாமேன்னு...” என்று இழுத்தார். அம்மா ஒரு குண்டூசியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டாள். அவருடைய உச்சந்தலையிலிருந்து ஷூவரை முழுதாக எடுத்தாள். தனக்கும் கழுத்துக்குக் கீழே இவ்வளவு இருப்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அக்கா, இனி உன் விஷயம்.

தேர்வில் தேறவில்லை, இந்த விடுமுறைக்கும் வரவில்லை என்று நீ அனுப்பிய செய்தியை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதை எப்படி வேண்டுமானாலும் நீ எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், அடுத்து என்ன செய்தாள் என்பதையும் எழுதிவிடுகிறேன். மறுநாள் அலமாரியிலிருந்து கருநீலத் துணியை எடுத்தாள். பேருந்துப் படியில் எடுத்த உன் தலையில்லாப் படத்தை மேசையில் வைத்தாள். அளவு வேண்டாமா, அக்கா ஊரில் இல்லையே என்று கேட்டேன். “அதான் தோள்லேர்ந்து கால்வரைக்கும் இருக்கே. வேற என்ன வேணும்?” என்றாள். அதைப் பார்த்துப் பார்த்தே உனக்கு ஒரு கோட் வெட்டினாள். தைத்துக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு தடவை, “மூஞ்சிதான் இளைச்சிருக்கோ என்னவோ, தெரியல” என்றாள். என்னிடம் சொல்லவில்லை, தையல் மெஷினிடம் சொன்னாள். ஆனால் நான் கேட்டேன்.

அந்தக் கோட் இப்போது கண்ணாடி முன்னால், துணிப் பொம்மையின்மேல் மாட்டியிருக்கிறது. எல்லாம் சரியாக வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பொம்மைக்குத் தலை கிடையாது.

நீ வந்து போட்டுப் பார்க்க வேண்டும். நீ கண்ணாடியைப் பார்த்து நிற்பாய். அம்மா பின்னால் நின்று மடிப்பைக் குத்துவாள். அவள் வாயில் குண்டூசி இருக்கும். அதனால் தேர்வைப் பற்றி அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்கவும் முடியாது. அப்பாவும் கேட்க மாட்டார், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். நான் கேட்பேன், ஆனால் என்னை நீ அதட்டிவிடலாம். “இன்னொண்ணு எடு” என்று சொல்லிவிட்டுப் போனாய் அல்லவா? அந்த இன்னொன்று இன்னும் பாக்கி இருக்கிறது. வா.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே வந்தால் போதும்.

இப்படிக்கு,
எப்போதும் உன் காலடியிலேயே கிடப்பதால் நீ பெயர் வைத்த
அடிக்குறிப்பு

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட பிறகும் எழுதுகிறேன், மன்னிக்கவும். ஜன்னலில் சாயங்கால வெயில் வந்திருக்கிறது. அம்மா என் எதிரே வந்து நின்று மூச்சை நிறுத்திவிட்டாள். நான் எழுதுவதை எடுக்கப் போகிறாள் என்று நினைக்கிறேன். தலையைத் தூக்கக் கூடாது என்று சைகை காட்டுகிறாள். இத்துடன் நிறுத்துகிறேன், விளக்குகளை அணைத்துவிட்டாள்.